வாசகர் கேள்வி – பதில்: வாசலில் இரண்டு எல்டர்கள், மாதம் டிசம்பர்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, பக்கத்தில் எப்போதும் இன்னொருவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் வாசகர்களில் பலர் இந்த இளைஞர்களைத் தெருவில் பார்த்திருப்பார்கள். டிசம்பர் நெருங்கினால் அவர்களைப் பற்றிய கேள்விகள் குவிகின்றன. மார்மன் மிஷனரி வாழ்க்கையை நன்கு அறிந்த எங்கள் பதிலளிப்போர் குழு இந்த இதழில் அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறது. வீடு வீடாகப் போய்த் தங்கள் மார்க்கத்தைச் சொல்லும் இந்த மிஷனரிகளுடைய சபையின் முழுப் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. மார்மன் என்ற பெயரைத் தவிர்த்து முழுப் பெயரையே சொல்லும்படி 2018 முதல் சபை கேட்டுவருகிறது. எளிதில் புரிவதற்காக மேலே ஓரிடத்தில் மட்டும் பழைய பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

நியூ ஜெர்சி வாசகி: குளிரில் நடுங்கிக்கொண்டு இரண்டு பையன்கள் கதவைத் தட்டினார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன், வரவில்லை. டீ போட்டுத் தருகிறேன் என்றேன், அதுவும் வேண்டாம் என்றார்கள். நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?

பதில்: ஒன்றும் தப்பில்லை. அந்த நேரம் வீட்டில் நீங்கள் மட்டும் இருந்தீர்களா? அதுதான் காரணம். மிஷனரிகள் எதிர்பாலினத்தவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் நுழைவதில்லை. எல்டர்கள், அதாவது ஆண் மிஷனரிகள் உள்ளே வர வேண்டுமானால் வயதுவந்த ஆண் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும். சிஸ்டர்களுக்கு, அதாவது பெண் மிஷனரிகளுக்கு இதே விதி மறுபக்கமாகப் பொருந்தும். வெளியே பனி கொட்டினாலும் விதி தளராது. உங்கள் கணவரோ அப்பாவோ வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொல்லி அழையுங்கள், தயங்காமல் வருவார்கள்.

டீ விஷயம் வேறு. 1833-இல் வந்த ஒரு வெளிப்பாட்டின்படி அந்தச் சபையார் காப்பி, தேயிலை, மது, புகையிலை நான்கையும் தொடுவதில்லை. பால் எவ்வளவு ஊற்றினாலும் மசாலா டீ தேயிலைதான், கிரீன் டீயும் அப்படியே. சூடான சாக்லேட் பானம், ஏலக்காய் போட்ட பால், காப்பித்தூள் சேர்க்காத சுக்குமல்லி எல்லாம் தரலாம். ஒரு டம்ளர் சூடான மிளகு ரசம் கொடுத்துப் பாருங்கள். டிசம்பரில் அதைவிட நல்ல உபசாரம் எங்களுக்குத் தோன்றவில்லை. காரம் எவ்வளவு என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் ரம்மில் ஊறிய பழங்கள் இருந்தால் கொடுக்கும் முன் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுத் தின்றுவிட்டு, பிறகு தெரிந்தால் தர்மசங்கடப்படுவார்கள். அடுத்தது, மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாச நாள். அன்று மதிய விருந்துக்கு அழைத்தால் மறுப்பார்கள், இன்னொரு நாள் பாருங்கள்.

டாலஸ் வாசகர்: கிறிஸ்துமஸ் அன்று மிஷனரிகளுக்கு விடுமுறை உண்டா? நம் ஊர்க் கிறிஸ்தவர்களைப் போல நடுநிசி ஆராதனைக்குப் போவார்களா?

பதில்: நம் ஊரில் பண்டிகை என்றால் 24 இரவு ஆராதனை, புது உடுப்பு, திரும்பி வந்ததும் கேக். இந்தச் சபையில் நடுநிசி ஆராதனையே கிடையாது. டிசம்பர் 25 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் ஒழிய அன்று ஆலயத்தில் கூட்டமே இராது. 2022-இல் ஞாயிறாக வந்தபோதுகூட வழக்கமான இரண்டு மணி நேரத்தில் திருவிருந்துக் கூட்டம் ஒன்றை மட்டும் நடத்திவிட்டு, மக்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறன்று பாட்டும் வேதவாசிப்புமாக ஆராதனை இருக்கும். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு மாலை சால்ட் லேக் சிட்டியிலிருந்து சபைத் தலைமையின் கிறிஸ்துமஸ் செய்தி ஒளிபரப்பாகும். ஆண்டு முடியும் இரவுக்கும் ஆராதனை இல்லை.

இதன் விளைவு என்ன தெரியுமா? சபை உறுப்பினர்களுக்கு 25-ஆம் தேதி முழுக்கக் குடும்ப நாள், மிஷனரிக்கோ குடும்பம் பக்கத்தில் இல்லாத நாள். போய் உட்கார ஆலயமும் திறந்திருக்காது. கதவு தட்டவும் முடியாது. பண்டிகைக் காலையில் அந்நியர் வீட்டு மணியை அடிப்பதை எந்த ஊழியத் தலைவரும், அதாவது ஒரு பகுதியின் மிஷனரிகளுக்குப் பொறுப்பானவரும், விரும்புவதில்லை. வேலைப் பளு இவர்களைப் படுத்துவதில்லை. டிசம்பரில் படுத்துவது வெறுமையாகக் கிடக்கும் மணிநேரங்கள். இந்த இதழில் வந்த கேள்விகளில் பாதி கடைசியில் அங்கேதான் போய் நிற்கின்றன.

விடுமுறை என்று எடுத்துக்கொண்டால், வாரத்தில் ஒருநாள் 'தயாரிப்பு நாள்' உண்டு. பெரும்பாலும் திங்கட்கிழமை. துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றுதான். கிறிஸ்துமஸ் வாரத்தில் பல ஊழியத் தலைவர்கள் அந்த நாளை 25-க்கு மாற்றிவிடுவார்கள். அன்றும் காலை 6.30-க்கு எழுந்து இரவு 10.30-க்கு விளக்கணைப்பதே முறை. ஊருக்குப் போய்விட்டு வருவது என்ற பேச்சே இல்லை. ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம், நடுவில் வீடு திரும்புவதில்லை, பெற்றோர் போய்ப் பார்ப்பதும் இல்லை. ஆக ஒவ்வொரு எல்டருக்கும் இரண்டு கிறிஸ்துமஸ் வெளியூரில் கழியும். சிஸ்டருக்குப் புறப்படும் மாதத்தைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ.

யூட்டா வாசகி: மகன் பிலிப்பைன்ஸில் ஊழியம் செய்கிறான். கிறிஸ்துமஸ் காலையில் நாங்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது அவனோடு வீடியோவில் பேச ஆசை. எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் கிறிஸ்துமஸ் காலையை மறந்துவிடுங்கள். சால்ட் லேக் சிட்டிக்கும் மணிலாவுக்கும் குளிர்காலத்தில் 15 மணி நேர வித்தியாசம். உங்கள் வீட்டில் 25 காலை 8 மணிக்குப் பரிசுப் பொட்டலம் பிரிக்கும்போது அங்கே இரவு 11. அவன் படுத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். உங்களுக்கு 24-ஆம் தேதி மாலை 7 என்றால் அவனுக்கு 25 காலை 10. பிலிப்பைன்ஸ் பெற்றோருக்கு இந்த ஒரு வேளைதான் சரியாக அமைகிறது. இதே கணக்கில் மகன் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இருந்தால் உங்கள் காலை 9 அவனுக்குப் பகல் 1, லண்டனில் இருந்தால் மாலை 4. அந்தப் பெற்றோர்களுக்குக் கிறிஸ்துமஸ் காலை ஒத்துவரும்.

2019 பிப்ரவரி 15 வரை வீட்டோடு பேசுவது ஆண்டுக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். மற்ற வாரங்களில் மின்னஞ்சல் மட்டும். அந்தத் தேதியிலிருந்து வாரந்தோறும் தயாரிப்பு நாளில் போனிலோ வீடியோவிலோ பேசலாம், பண்டிகை நாட்களிலும் பேசலாம் என்று விதி மாறியது. அழைப்பை மிஷனரிதான் தொடங்க வேண்டும். நீங்களாக அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. எவ்வளவு நேரம் என்பதற்குக் கறாரான அளவு இல்லை, மிஷனரியின் நிதானத்துக்கு விட்டிருக்கிறார்கள். எப்போதும் அவனோடு சேர்ந்தே இருக்கும் ஜோடி மிஷனரியும் பக்கத்திலேயே இருந்து தன் வீட்டோடு பேச வேண்டும் என்பதை மனத்தில் வையுங்கள். நீங்கள் இரண்டு மணி நேரம் இழுத்தால் இன்னொரு அம்மா காத்திருப்பார்.

வழக்கமாக எங்கே கெடுகிறது என்றால், வைஃபையில். தங்கும் இடத்தில் இணைப்பு மோசம் என்று நாலைந்து ஜோடிகள் ஒரே ஆலயக் கட்டடத்துக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேருவார்கள், எல்லோருடைய படமும் உறைந்து நிற்கும். ஒரு வாரம் முன்பே இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். படம் நின்றுபோனால் குரல் மட்டும் வைத்துத் தொடர்வது என்றும் பேசிவையுங்கள். உங்கள் பக்கம் போனைக் கைமாற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு சித்தப்பாவுக்கும் "நல்லா இருக்கேன்" சொல்லியே அவன் நேரம் தீர்ந்துவிடும். போனை மேசையில் நிறுத்தி எல்லோரும் எதிரே உட்காருங்கள். உறவினர்கள் முதல் பத்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்து போகட்டும், மீதி நேரம் அப்பா அம்மாவுக்கு. "நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டுவிட்டு அவனுக்கு இன்னும் முழுப்பகல் பாக்கி இருக்கிறது.

ஐடஹோ வாசகர்: பக்கத்து வீட்டுப் பெண் பெரு நாட்டில் சிஸ்டராக இருக்கிறாள். எங்களுக்கு மகள் மாதிரி. கிறிஸ்துமஸ் பார்சல் அனுப்ப விரும்புகிறோம். என்ன வைக்கலாம், எப்போது அனுப்ப வேண்டும்?

பதில்: முதலில் அவளுடைய அம்மாவிடம் பேசுங்கள். ஊழியப் பகுதி அலுவலகம் பார்சல் பற்றிக் குறிப்பு அனுப்பியிருக்கும். சில நாடுகளில் "அனுப்பவே வேண்டாம், சுங்கத்தில் மாட்டிக்கொள்கிறது" என்று எழுதியிருப்பார்கள். அப்படியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். குடும்பத்தின் மூலம் அவளுடைய சொந்தக் கணக்கில் ஒரு தொகை போட்டு, அங்கேயே ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொல்வது உத்தமம்.

அந்தச் 'சொந்தக் கணக்கு' முக்கியம். அமெரிக்கக் குடும்பங்கள் ஊழியத்துக்காக மாதம் 400 டாலர் சபை நிதியில் செலுத்துகின்றன. 2020 ஜூலைக்கு முன் இது 265 டாலர். எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே தொகைதான். அது மிஷனரி கையில் போவதில்லை. உணவுக்கும் பயணத்துக்கும் அந்தந்த ஊர் விலைவாசிக்கு ஏற்ப வேறு தொகை அவர்கள் வங்கி அட்டையில் ஏறும். அந்தப் பணத்தில் பண்டிகைச் செலவு செய்வது அழகல்ல.

பார்சல்தான் என்று முடிவானால், விலாசம் ஊழியப் பகுதி அலுவலகமாகவே இருக்கட்டும். சுமார் 6 வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். அவள் தங்கும் வீட்டுக்கு அனுப்பினால் பெட்டி போய்ச் சேரும்போது அங்கே வேறு யாரோ குடியிருப்பார்கள். நவம்பர் முதல் வாரத்தில் தபாலில் சேர்த்துவிடுங்கள். டிசம்பர் தொடக்கத்திலோ நடுவிலோ ஊழியத் தலைவர் பல மண்டலத்து மிஷனரிகளை ஒன்றாகக் கூட்டி விருந்து வைப்பார். பார்சல்கள் கைக்கு வருவது பெரும்பாலும் அங்கேதான். அதைத் தவறவிட்டால் ஜனவரி ஆகிவிடலாம்.

அமெரிக்கத் தபால்துறையின் ஒரேகட்டணப் பெட்டிகளில் பெரியது 12 அங்குலம் நீளம், 12 அகலம், 5.5 உயரம். வெளிநாட்டுக்கு 20 பவுண்டு, ஏறக்குறைய 9 கிலோ வரை அடைக்கலாம். அடைக்கலாம் என்பதற்காக அடைக்காதீர்கள். இரண்டு கிலோ போதும் என்பது எங்கள் கட்சி. மிஷனரியின் உடைமை முழுவதும் இரண்டு பெட்டிக்குள் அடங்க வேண்டும், விமானத்தில் பெட்டிக்கு 23 கிலோதான். பெரிய பொம்மையும் கண்ணாடிச் சட்டம் போட்ட குடும்பப் படமும் அடுத்த இடமாற்றத்தில் யாருக்கோ தானமாகும். நல்ல கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, கையால் எழுதிய கடிதங்கள், கண்ணாடியில்லாத புகைப்படங்கள், ஊரில் கிடைக்காத ஒரு மசாலா அல்லது மிட்டாய், தட்டையாக மடியும் காகிதத் தோரணம். இவ்வளவு போதும்.

சாக்லேட்டைத் தவிருங்கள். பெருவில் டிசம்பர் கோடைகாலம். சுங்கக் கிடங்கில் உருகி, கடிதத்தின் மேல் வழிந்து, கடைசியில் கடிதமும் போகும். வாசனைத் திரவியம், நகப்பூச்சு, அழுத்தம் ஏற்றிய தெளிப்பான் எதுவும் பன்னாட்டுத் தபாலில் போகாது. தனியாக வைத்த லித்தியம் பேட்டரியும் அப்படியே. சுங்கப் படிவத்தில் 'பரிசுப் பொருட்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்தால் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள். "பருத்திச் சட்டை 1, காலுறை 2 ஜோடி, மிட்டாய் 200 கிராம்" என்று எண்ணிக்கை, எடை, மதிப்போடு பொருள்வாரியாக எழுதுங்கள். உண்மையான மதிப்பை எழுதுங்கள், ஆனால் விலையுயர்ந்த பொருளே வைக்காதீர்கள். தீர்வை விதிக்கப்பட்டால் கட்ட வேண்டியது அவள்தான்.

கடைசியாக, பலர் மறப்பது: ஜோடிக்கும் ஒரு சிறு பொட்டலம். அந்த இன்னொரு சிஸ்டர், வீட்டில் தான் ஒருத்தி மட்டும் சபையில் சேர்ந்தவளாக இருக்கலாம். அவள் பெயருக்குப் பார்சல் என்று ஒன்று வராமலே போகலாம். ஒருத்தி ஒன்பது பொட்டலம் பிரிப்பதை எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து இன்னொருத்தி பார்த்துக்கொண்டிருந்தால் இருவருக்குமே பண்டிகை கசக்கும். பெயர் தெரியாவிட்டால் 'ஜோடிக்கு' என்று எழுதிப் போடுங்கள், அதே காலுறை, அதே மிட்டாய், அதே அளவு.

அரிசோனா வாசகி: எங்கள் பையனுக்கு 18 வயது. செப்டம்பரில் கிளம்பினான். இதுதான் முதல் கிறிஸ்துமஸ். கடிதங்களில் ஏதோ ஒரு தளர்ச்சி தெரிகிறது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

பதில்: ஆண்கள் 18 வயதிலேயே போகலாம் என்று 2012 அக்டோபரில் அறிவித்தார்கள், அதற்கு முன் 19. பள்ளி முடித்த கையோடு புறப்படுகிறவர்களுக்கு வீட்டை விட்டுத் தங்கிய அனுபவம் குறைவு. அதனால் மூன்றாம் மாதம் டிசம்பரில் வந்து விழுந்தால் தளர்ச்சி இயல்பு.

சபையே 2013-இல் மிஷனரிகளுக்கான மன அழுத்தக் கையேடு ஒன்றை வெளியிட்டது. அதில் நான்கு நிறங்கள். பச்சை என்றால் சமாளிக்கிறான். மஞ்சள் என்றால் சோர்வும் கவலையும் எட்டிப்பார்க்கின்றன, வேலை நடக்கிறது. ஆரஞ்சில் தூக்கமும் பசியும் கெடுகின்றன, எதிலும் மனம் ஒட்டவில்லை. சிவப்பில் தனியாகச் சமாளிக்க முடியாத நிலை. உங்கள் மகனிடம் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பான். "இந்த வாரம் என்ன நிறம்?" என்று கேளுங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

மஞ்சளுக்கு வைத்தியம் திட்டம்தான். வாரக் கணக்கில் போடும் திட்டம் டிசம்பர் 20-க்கு மேல் பயன்படாது. சந்திப்புகள் ஒவ்வொன்றாக ரத்தாகும், வெளியூர் போகிறோம், விருந்தாளி வந்திருக்கிறார்கள், ஜனவரியில் பார்ப்போம் என்பார்கள். ஆகவே 23 முதல் 27 வரை ஐந்து நாட்களையும் அரைநாள் அரைநாளாகப் பிரித்து, ஒவ்வொரு அரைநாளுக்கும் ஒரு உறுதியான வேலை, அது கைவிட்டால் செய்ய ஒரு மாற்று வேலை என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் போய்ப் பாடுவது, தனியாக இருக்கும் வயதான உறுப்பினர் வீட்டுக்கு எட்டிப்பார்ப்பது, உணவு வழங்கும் கூடத்தில் பாத்திரம் தேய்ப்பது. முதியோர் இல்லத்தை டிசம்பர் முதல் வாரத்திலேயே கேட்டு நேரம் வாங்கிவிட வேண்டும். கடைசி வாரத்தில் எல்லாச் சபைகளும் அங்கே வரிசையில் நிற்கும்.

எல்லோரும் 25-ஆம் தேதியைக் கண்டு பயப்படுகிறார்கள். அன்று வீட்டு அழைப்பு, விருந்து என்று பொழுது எப்படியோ ஓடிவிடும். மோசமானவை 24 மாலையும் 26 காலையும். 24 மாலை சீக்கிரம் அறைக்குத் திரும்பும்படி பல இடங்களில் சொல்லிவிடுவார்கள், ஆறு மணிக்கே கதவு சாத்தி இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த நான்கு மணி நேரத்துக்குச் சமையல் நல்ல மருந்து. மாவு பிசைந்து, உருட்டி, அடுப்பில் வைத்து, பாத்திரம் கழுவுவதற்குள் இரவு ஒன்பது ஆகிவிடும். செய்ததை மறுநாள் போகிற வீடுகளுக்குக் கொண்டுபோகலாம். 26 காலை ஏதாவது உடலுழைப்பு இருக்கட்டும். விருந்து முடிந்த வீட்டில் நாற்காலி அடுக்கிக் கொடுப்பதுகூடப் போதும்.

ஆரஞ்சு என்று தெரிந்தால் காத்திருக்காதீர்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால், ஊழியத் தலைவரிடமோ அவர் மனைவியிடமோ உடனே பேசச் சொல்லுங்கள், மனநல ஆலோசகரோடு பேச ஏற்பாடு செய்வார்கள். அவன் சொல்லத் தயங்கினால் நீங்களே அலுவலகத்துக்குப் போன் செய்யலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அந்த நிமிடமே உதவி தேட வேண்டும். அமெரிக்காவுக்குள் இருந்தால் 988 என்ற எண் இரவு பகல் இயங்குகிறது. காலத்துக்கு முன் வீடு திரும்பும் பிள்ளையை ஊரார் ஒரு மாதிரி பார்ப்பது அந்தச் சமூகத்தில் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஊரார் பார்வைக்காக ஒரு பிள்ளையைச் சிவப்பில் நிறுத்திவைக்கக் கூடாது.

கால்கரி வாசகர்: மைனஸ் 20-இல் இரண்டு பேர் சைக்கிளில் போவதைப் பார்த்தேன். இது சரியா?

பதில்: சரியில்லை. உறைபனிச் சாலையில் சைக்கிளை வைத்துவிட்டுப் பேருந்தில் போவதே புத்தி. கார் உள்ள ஜோடிக்கும் மாதம் இத்தனை தூரம்தான் என்று வரம்பு உண்டு. மாதத்தின் முதல் பாதியில் ஓட்டித் தீர்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் வாரத்தில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். டிசம்பரில் தூரத்தைக் கடைசிப் பத்து நாளுக்கு மிச்சம் பிடித்து வைப்பது நல்லது.

வாகன நிறுத்தத்தில் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கார் பின்னால் எடுக்கும்போது ஜோடி இறங்கிப் பின்னால் நின்று கையசைத்து வழிகாட்டுவார். அது பழக்கமல்ல, விதி. பனிக்காலத்தில் காருக்கு நேர்ப் பின்னால் நிற்காமல், ஓட்டுபவரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி ஓரமாக நிற்க வேண்டும். வழுக்கினால் சக்கரம் நிற்காது.

உடையைப் பொறுத்தவரை, மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 28 போல இருக்கும். மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறையத் தொடங்கும். ஒரு தெரு முழுக்கக் கதவு தட்ட அரை மணி நேரம் ஆகும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகி, குளிரைக் காலோடு கட்டிவைக்கும். கம்பளிக் காலுறை வேண்டும், பையில் ஒரு மாற்று ஜோடி வேண்டும். சாலையில் கொட்டும் உப்பு தோல் காலணியை ஒரே பருவத்தில் தின்றுவிடும், இரவில் ஈரத்துணியால் துடைத்து வைத்தால் இரண்டாம் பருவம் தாங்கும். பெயர்ப்பட்டையைக் காந்தம் வைத்து மேல்கோட்டில் மாட்டுங்கள். கோட்டுக்குள் மறைந்திருந்தால், இருட்டில் முகம் மூடி வாசலில் நிற்கும் இருவர் யாரென்று வீட்டாருக்கு எப்படித் தெரியும்?

கலிபோர்னியா வாசகி: தோழியின் மகள் மெக்சிகோவில் இருக்கிறாள். அங்கே கிறிஸ்துமஸ் விருந்தே நடுநிசியில்தானாம். இவர்கள் எப்படிச் சமாளிப்பார்கள்?

பதில்: சிரமம்தான். மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் 'போசாதாஸ்' ஊர்வலம், 24 இரவு 'நோச்சேபுவேனா' விருந்து. இலை போடவே நடுநிசி நெருங்கும். மிஷனரி அறைக்குத் திரும்ப வேண்டிய நேரம் சாதாரணமாக 9 அல்லது 9.30. அன்று ஊழியத் தலைவர் நேரத்தைக் கூட்டினால் உண்டு, இல்லையேல் இல்லை. தாங்களாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது.

அழைக்கும் குடும்பத்திடம் ஒரு வாரம் முன்பே "நாங்கள் மாலை 6-க்கு வந்து 8.30-க்குக் கிளம்ப வேண்டும்" என்று சொல்லிவிட்டால் ஒரு தட்டு முன்னதாகத் தயாராகும். அன்றைக்குப் போய்ச் சொன்னால் வீட்டம்மாள் மனம் நோவார். மற்ற குடும்பங்களை 25-க்குத் தள்ளுங்கள். 24 இரவு செய்ததைத்தான் மறுநாளும் சூடுபண்ணிச் சாப்பிடுவார்கள், ருசி கூடியே இருக்கும்.

ஒரே நாளில் 11 மணி, 2 மணி, 5 மணி என்று மூன்று வீட்டு அழைப்பை ஏற்றுக்கொள்வது புது மிஷனரிகளின் வாடிக்கை. ஒவ்வொரு வீட்டிலும் தட்டு நிரம்பும், மறுத்தால் குற்றமாகும். முதல் வீட்டிலேயே "இன்னும் இரண்டு வீடு இருக்கிறது, பாதி போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லட்டும். அதை மூன்றாம் வீட்டில் போய்ச் சொன்னால் பலிக்காது.

சிகாகோ வாசகர்: சிவப்பு நிறத்தில் தானம் வாங்கும் இயந்திரம் வைக்கிறார்களாமே, அது எப்படி?

பதில்: 2017-இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கியது. குளிர்பானம் விற்கும் இயந்திரம் போலவே இருக்கும், ஆனால் நீங்கள் வாங்கும் பொருள் இன்னொருவருக்குப் போகும். உணவு, தடுப்பூசி, கோழி, ஆடு என்று படத்தோடு விலை போட்டிருக்கும். எண்ணை அழுத்தி வங்கி அட்டையைத் தேய்த்தால் அந்தப் பொருளின் படம் கீழே விழும். ரொக்கம் செல்லாது. இயந்திரச் செலவைச் சபை ஏற்பதால் தொகை முழுவதும் தொண்டு நிறுவனங்களுக்குச் சேர்கிறது. கதவு தட்ட முடியாத வாரங்களில் மிஷனரிகள் இதன் பக்கத்தில் நின்று வருவோருக்கு விளக்குவதுண்டு. அங்கே கிடைக்கும் பேச்சு வாசலில் கிடைப்பதைவிட நிதானமானது.

மினசோட்டா வாசகி: பனி அள்ளித் தரட்டுமா என்று கேட்டார்கள். காசு கொடுக்க வேண்டுமா? வேறு என்ன உதவி கேட்கலாம்?

பதில்: காசு வாங்க மாட்டார்கள். நீட்டினால் சங்கடப்படுவார்கள். சூடாக எதாவது குடிக்கக் கொடுங்கள். பனி அள்ள, விறகு அடுக்க, சாமான் ஏற்றி இறக்கக் கேட்கலாம். மண்வெட்டி உங்களுடையதாக இருக்கட்டும், அவர்களிடம் இருப்பதில்லை. குழந்தையைச் சிறிது நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. அவர்கள் காரில் உங்களை ஏற்றிச் செல்லவும் முடியாது.

அட்லாண்டா வாசகர்: எங்களுக்கு ஆர்வமில்லை. ஆனால் பண்டிகை நேரத்தில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் மனம் வரவில்லை. எப்படி மறுப்பது?

பதில்: "பிறகு வாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மரியாதைக்காக நீங்கள் சொன்னதை அவர்கள் குறித்துக்கொண்டு நிஜமாகவே வருவார்கள். போனில் உள்ள செயலியில் ஒவ்வொரு வீட்டையும் பற்றிய குறிப்பு இருக்கும். இவர்கள் இடமாற்றமாகிப் போனாலும் அடுத்து வரும் ஜோடி அதைப் படித்துவிட்டு உங்கள் மணியை அடிக்கும். "எங்களுக்கு விருப்பமில்லை. இந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்று தயவுசெய்து பதிந்துவிடுங்கள்" என்று நேராகச் சொன்னால் போதும், அதற்கென்றே தனிக் குறியீடு உண்டு. கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாடகை வீடு என்றால் குடியிருப்பு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கதவுக்குப் பதிந்துவிட்டு உங்கள் கதவுக்கே மறுபடி வந்து நிற்பார்கள்.